நேர்வரிசையும் சாய்ந்த சுவரும்

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என அம்பாறைக் கரையோரத்தில் நீளும் முஸ்லிம் ஊர்களில் ஒரு பள்ளிவாசலைக் கட்ட முனைவோர் அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே ஒரு வடிவகணிதச் சிக்கலைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. கடற்கரையும் அதற்கு ஏறத்தாழ இணையாகச் செல்லும் பிரதான வீதியும் தெற்கிலிருந்து வடக்காக, போகப்போகச் சற்று மேற்குப் பக்கம் சாய்ந்து ஓடுகின்றன. குறுக்கு வீதிகளும் வளவுகளும் பெரும்பாலும் அந்த வீதிக்கு ஒப்பவே அமைந்துவிடுகின்றன. தொழுகையில் முகம் திருப்ப வேண்டிய மக்காவின் திசையாகிய கிப்லாவோ, புவிக்கோளத்தின் மேல் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வில்லைக் கொண்டு கணித்தால், கல்முனையிலிருந்து நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 24 பாகை விலகி நிற்கிறது. வீதிக்குச் செங்குத்தாக உள்நாட்டை நோக்கிப் போகும் திசை மேற்கிலிருந்து சற்றுத் தெற்குப் பக்கம் சரிவதால், இரண்டு திசைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 30 பாகையை எட்டக்கூடும்.

கட்டடத்தை வீதிக்கு ஒப்ப எழுப்பினால் முகப்பு வழிப்போக்கருக்கு நேராகத் தெரியும். ஆனால் உள்ளே, தொழுவோர் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் ஸஃப்புகளுக்காகத் தரையில் இடப்படும் கோடுகள் சுவர்களைச் சாய்வாக வெட்டும். முதல் வரிசைக்கு முன்னால் எவருக்கும் பயன்படாத முக்கோணத் துண்டொன்று எஞ்சும். கிப்லாவுக்கு ஒப்ப எழுப்பினாலோ அதே முக்கோணம் வெளியே வந்து வீதியோரத்தில் விழும். உள்ளே ஒழுங்கு நிலவ, வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டடம் ஊரோடு முகம் கோணி நிற்பதாகத் தோன்றும். எந்த வழியைத் தெரிந்தெடுத்தாலும் முக்கோணம் ஒழியப் போவதில்லை. அதை யார் கண்ணில் படும்படி வைப்பது, யார் கண்ணிலிருந்து மறைப்பது என்பது மட்டுமே கட்டுநரின் கையில் இருக்கிறது. கட்டடக்கலையில் சமச்சீர் என்று சொல்லப்படுவது கல்லிலும் சீமெந்திலும் முழுதாக அடங்கிவிடும் பண்பன்று, ஓர் இடத்தில் நின்று பார்க்கும் கண்ணோடு செய்துகொள்ளும் உடன்பாடு அது என்பதே இந்த அத்தியாயம் விளக்க முனையும் கருத்து.

கணிதத்தில் சமச்சீர் என்பது ஓர் உருவத்தின் மேல் ஏதேனும் ஒரு செயலைச் செய்த பின்னும் அந்த உருவம் மாறாது இருப்பதாகும். கண்ணாடியில் காண்பதுபோல் இடம் வலமாகத் திருப்பியும் மாறாதிருப்பது தெறிப்புச் சமச்சீர்; ஒரு புள்ளியைச் சுற்றிக் குறிப்பிட்ட பாகை சுழற்றியும் மாறாதிருப்பது சுழற்சிச் சமச்சீர்; ஒரு திசையில் நகர்த்தியும் மாறாதிருப்பது பெயர்வுச் சமச்சீர்; நகர்த்துதலும் தெறிப்பும் ஒன்றாகச் சேர்ந்த நான்காவது வகையொன்றும் உண்டு. முடிவின்றிப் பரவும் ஒரு தளக் கோலத்தில் இவற்றை எத்தனை விதமாகச் சேர்க்க முடியும் என்ற கேள்விக்கு, 17 விதங்களில் மட்டுமே என்று ரஷ்யப் படிகவியலாளர் பெடரோவ் 1891இல் விடை கண்டார். ஸ்பெயின் நாட்டின் கிரனாடா நகரிலுள்ள அல்ஹம்ப்ரா அரண்மனையின் சுவர்களில் அந்த 17 வகையும் காணப்படுவதாக அடிக்கடி எழுதப்படுகிறது. நிறத்தைக் கணக்கில் எடுப்பதா விடுவதா, ஒரு சிறு துண்டு கிடைத்தாலே போதுமா என்பவற்றைப் பொறுத்து எண்ணிக்கை மாறுவதால் அறிஞர்களிடையே இது குறித்து இன்னும் உடன்பாடு இல்லை. அக்கோலங்களை வரைந்தவர்களின் திறமைக்கு அந்த எண்ணிக்கை எதையும் கூட்டப் போவதுமில்லை.

இந்தச் செயல்களைச் சூத்திரமின்றிக் கையாலும் காலாலும் செய்பவர்கள் கல்முனைக்கு அருகிலேயே இருக்கிறார்கள். கைத்தறிச் சாரங்களுக்கும் சேலைகளுக்கும் பெயர்பெற்ற மருதமுனையின் தறியில் பாவு நூல் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்பட்டிருக்க, ஊடை நூல் குறுக்கே பாய்கிறது. மிதிகட்டைகளை ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப மிதித்தால் கோலம் தன்னைத்தானே நகர்த்திக்கொண்டு போகும் பெயர்வுச் சமச்சீர் பிறக்கிறது. ஓரிடத்தில் வந்ததும் மிதித்த வரிசையை முன்பின்னாக மாற்றி மிதித்தால் துணியில் ஒரு கண்ணாடி அச்சு விழுந்து, அதுவரை நெய்த கோலம் தலைகீழாகத் திரும்பி வருகிறது. நெசவாளரைப் பொறுத்தமட்டில் தெறிப்புச் சமச்சீர் என்பது கால் பின்னோக்கி எண்ணும் ஓர் எண்ணிக்கை மட்டுமே.

துணிக்கும் கண்மயக்கத்துக்கும் உள்ள உறவு விஞ்ஞான வரலாற்றிலும் பதிவாகியிருக்கிறது. ஜேர்மனிய வானியலாளர் ஸோல்னர் துணியில் அச்சிடுவதற்காக வரையப்பட்ட ஒரு கோலத்தில், இணையாக ஓடும் நீண்ட கோடுகள் குறுக்கே இடப்பட்ட சிறுசாய்கோடுகளின் செல்வாக்கால் ஒன்றையொன்று நோக்கிச் சரிவதாகத் தோன்றுவதைக் கவனித்து 1860இல் வெளியிட்டார். அளவுகோலை வைத்துப் பார்த்தால் கோடுகள் இணையானவை. அளவுகோலை எடுத்துவிட்டால் அவை மறுபடியும் சரிகின்றன. கோடுகள் இணையானவை என்ற அறிவு கண்ணுக்கு எவ்வித உதவியும் செய்வதில்லை என்பதுதான் கண்மயக்கத்தைச் சாதாரணப் பிழையிலிருந்து வேறுபடுத்துகிறது. பிழையைச் சுட்டிக்காட்டினால் திருந்தும், மயக்கம் திருந்தாது.

சமச்சீரைக் கண் எவ்வாறு பிடிக்கிறது என்பதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்களுள் ஒஸ்திரிய இயற்பியலாளர் ஏர்ன்ஸ்ட் மாக் முக்கியமானவர். செங்குத்தான அச்சின் இருபுறமும் ஒத்திருக்கும் உருவங்களைக் கண் உடனே இனங்காண்கிறது என்றும், அதே உருவத்தை அச்சு கிடையாக இருக்கும்படி திருப்பினால் அந்த உடனடித்தன்மை குறைந்துவிடுகிறது என்றும் அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டார். ஒரு சதுரத்தை 45 பாகை திருப்பி முனையில் நிறுத்தினால் அது சதுரமாகவன்றி வைரவடிவாகத் தோன்றுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். பக்கங்களும் கோணங்களும் அணுவளவும் மாறாதிருக்க, பார்ப்பவரின் நிமிர்ந்த உடல் மட்டுமே அந்த உருவத்துக்குப் புதுப்பெயர் சூட்டிவிடுகிறது. பின்னாளில் நடந்த ஆய்வுகள், செங்குத்து அச்சுடைய சமச்சீரை ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரக் காட்சியிலேயே மனிதர் கண்டுகொள்வதை உறுதிசெய்தன. சுழற்சிச் சமச்சீருக்கு அத்தகைய சலுகை இல்லை. அதைக் கண்டறியக் கூடுதல் நேரமும் கவனமும் தேவைப்படுகின்றன. மூளையின் பின்பகுதியில் பார்வைத் தகவல் முதலில் வந்துசேரும் பரப்பைவிட, அதற்கடுத்து உருவங்களைத் தொகுக்கும் பரப்புகளே சமச்சீருக்குக் கூடுதலாகத் துலங்குகின்றன என்பது மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

ஹொரஸ் பார்லோவும் ரீவ்ஸும் 1979இல் வெளியிட்ட ஆய்வு கட்டடக்கலைக்கு இன்னும் நெருக்கமானது. அச்சின் இருபுறமும் சோடிசோடியாகப் புள்ளிகளை இட்டு, அவற்றுட் சிலவற்றை வேண்டுமென்றே இடம் பிசகச் செய்து, எந்த அளவு பிசகு வரை கண் பொறுத்துக்கொள்கிறது என்று அவர்கள் பார்த்தனர். கண் தாராளமாகவே பொறுத்துக்கொண்டது: சோடிப்புள்ளி தன் சரியான இடத்துக்குக் கிட்டிய ஒரு வட்டாரத்துக்குள் இருந்தாலே போதுமானதாக இருந்தது, புள்ளிகளில் ஒரு பங்கு சோடியின்றித் தனித்து நின்றபோதும் சமச்சீர் இருப்பதாகவே பார்த்தவர்கள் கண்டனர். சமச்சீர் விடயத்தில் கண் கண்டிப்பான நீதிபதியன்று என்பதே இதன் பொருள். பழைய கட்டுநர்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலேயே இதை அறிந்திருந்தார்கள் என்று கொள்ளத் தக்க சான்றுகள் பல நகரங்களில் நிற்கின்றன.

அவற்றுள் தெளிவானது கெய்ரோ நகரில் பாத்திமிய்யர் ஆட்சிக்காலத்தில் 1125இல் எழுந்த அல்-அக்மர் பள்ளிவாசல். நகரின் பிரதான வீதி ஒரு திசையில் ஓட, கிப்லா வேறொரு திசையில் அமைந்தது. கல்முனைக் கட்டுநர் எதிர்கொள்ளும் அதே சிக்கல். அல்-அக்மரைக் கட்டியவர்கள் முகப்பை வீதிக்கு ஒப்பவும் உள்மண்டபத்தைக் கிப்லாவுக்கு ஒப்பவும் அமைத்து, எஞ்சிய முக்கோணத்தைச் சுவரின் தடிப்புக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள். ஒரு முனையில் மெல்லியதாகத் தொடங்கி மறுமுனைக்குப் போகப்போகத் தடித்துச் செல்லும் அந்த ஆப்புவடிவ இடைவெளிக்குள் படிக்கட்டும் சிற்றறைகளும் அடங்கின. வெளியே நிற்பவருக்கு ஒரு நேரான முகப்பு, உள்ளே நிற்பவருக்கு ஒரு நேரான மண்டபம். இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கக்கூடிய இடம் எங்கும் இல்லாததால் எவருக்கும் கோணல் தெரிவதில்லை. வாசலைக் கடக்கும் சில அடிகளுக்குள் உடல் திரும்பிவிடுகிறது, மனம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பாரசீகத்தின் இஸ்பஹான் நகரில் முதலாம் ஷா அப்பாஸ் 1611இல் தொடக்கிய பெரிய பள்ளிவாசல் இதற்கு நேர்மாறான துணிவைக் காட்டுகிறது. மாபெரும் சதுக்கத்தின் தென்பக்கத்தில் வாயில் சதுக்கத்தோடு பொருந்தி நிற்க, அதைக் கடந்ததும் பாதை ஏறத்தாழ 45 பாகை திரும்பிக் கிப்லாவை நோக்கிய முற்றத்தில் கொண்டுபோய் விடுகிறது. வாயிலும் அதற்குப் பின்னால் எழும் குவிமாடமும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பது சதுக்கத்தில் நிற்கும் எவருக்கும் வெளிப்படை. அல்-அக்மர் மறைத்ததை இஸ்பஹான் காட்சிக்கு வைத்தது. ஆக்ராவின் தாஜ்மஹாலில் இன்னொரு வழி கையாளப்பட்டது: சமாதிக்கு மேற்கே பள்ளிவாசல் அமைந்ததால் கிழக்கே அதே உருவில் ஒரு கட்டடம் எழுப்பப்பட்டு, ‘மறுமொழி’ என்று பொருள்படும் ஜவாப் என்ற பெயரைப் பெற்றது. மக்காவுக்கு முதுகு காட்டி நிற்கும் அது பள்ளிவாசலாக ஒருபோதும் பயன்பட முடியாது. முதன்மையாகச் சமச்சீருக்காக ஒரு முழுக் கட்டடம் எழுப்பப்பட்டது என்பது கண்ணுக்குச் செலுத்தப்பட்ட மிக விலையுயர்ந்த காணிக்கை என்றே சொல்ல வேண்டும்.

சமச்சீர் இல்லாமலும் கட்டடம் நிறைவாகத் தோன்ற முடியும் என்பதற்குக் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் மூலவடிவமே சான்று. நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக அமைந்த இந்தத் தலத்தில் அவருடைய உடல் இல்லை. அடையாள அடக்கத்தலமே உண்டு. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேற்று விழா தொடங்கும்போது அடுக்கடுக்காக எழும் மினாறாவில் கொடிகள் ஏறுவதைக் காண ஊர்கள் திரள்கின்றன. தாய்த்தலமான நாகூர் தர்காவிலோ ஐந்து மினாறாக்கள் உள்ளன. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டுவித்த பெரிய மினாறா 131 அடி உயரமானது, ஏனைய நான்கும் 77 அடிக்கும் 94 அடிக்கும் இடைப்பட்டவை. ஐந்து கோபுரங்களை இப்படி ஏற்றத்தாழ்வாக நிறுத்தினால் தெறிப்புச் சமச்சீருக்கு வழியில்லை. ஆயினும் ஒவ்வொரு மினாறாவும் தனக்குள்ளே சமச்சீரானது. கண் அந்தச் சிறு சமச்சீர்களை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு மொத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறையாகக் கொள்வதில்லை.

அடுக்குக் கோபுரம் இருப்பதைவிட உயரமாகத் தோன்றுவதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்து இயங்குகின்றன. ஒரே நீளமுள்ள இரு கோடுகளுள் நிமிர்ந்து நிற்பதைக் கண் கூடுதல் நீளமாக மதிப்பிடுகிறது. 1851இல் ஜேர்மனிய உடலியலாளர் அடோல்ப் பிக் விவரித்த இந்த மயக்கம், தாளில் வரைந்த கோடுகளைவிட வெளியில் நிற்கும் பெரிய பொருள்களில் வலுவாக வெளிப்படுகிறது. அதோடு, மேலே செல்லச் செல்ல அடுக்குகளின் அகலமும் சாளரங்களின் அளவும் குறைந்தால், தூரத்திலுள்ளவை சிறுத்துத் தெரியும் என்ற பழக்கத்தைக் கொண்டு மூளை அந்தச் சிறுத்தலின் ஒரு பகுதியைத் தூரமாக மொழிபெயர்த்துவிடுகிறது. கொழும்புப் புறக்கோட்டையில் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை வடிவமைத்து 1909இல் நிறைவுற்ற ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், மக்கள் வழக்கில் சிவப்புப் பள்ளி, இன்னொரு உத்தியைக் கொண்டுள்ளது. முறையான கட்டடக்கலைப் பயிற்சி இல்லாத அவர் சிவப்பும் வெள்ளையுமாக மாறிமாறி வரும் பட்டைகளால் கட்டடம் முழுவதையும் போர்த்தினார். கிடைப்பட்டைகளால் நிரப்பிய சதுரம், நெடும்பட்டைகளால் நிரப்பிய அதே அளவுச் சதுரத்தைவிட உயர்ந்தும் ஒடுங்கியும் தோன்றும் என்பதை ஜேர்மனிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867இல் எழுதியிருந்தார். குறுக்குக் கோடிட்ட உடை ஆளைப் பருமனாகக் காட்டும் என்று தையற்கடைகளில் சொல்லப்படும் அறிவுரைக்கு இது முற்றிலும் முரணானது. நெருக்கமான கடைவீதிக்குள் பக்கவாட்டில் விரிய இடமில்லாத ஒரு கட்டடத்துக்குக் கிடைப்பட்டை நற்பேறாகவே அமைந்தது. அது திட்டமிட்ட பயனா, அழகுணர்ச்சி தற்செயலாகத் தந்ததா என்பதைப் பட்டைகளிலிருந்து அறிய முடியாது.

இதுவரை கூறிய கட்டடங்கள் அனைத்திலும் சுவர், கூரை, பயன்பாடு ஆகியவற்றோடு சமச்சீர் பின்னிக் கிடக்கிறது. அவற்றையெல்லாம் களைந்து, கட்டடத்தின் ஒழுங்கை மட்டும் தனியே பிரித்துக் காட்டினால் கண் என்ன செய்யும் என்பதை ஒரு கலைப்படைப்பு சோதித்திருக்கிறது. லாகூரில் 1965இல் பிறந்து அமெரிக்காவில் பணிபுரியும் அனிலா கய்யூம் ஆகா 2013இல் உருவாக்கிய ‘இன்டர்செக்ஷன்ஸ்’ தாபனக்கலை வகையைச் சேர்ந்தது. சுவரில் மாட்டும் ஓவியமாகவோ பீடத்தில் நிற்கும் சிற்பமாகவோ அன்றி, ஓர் இடம் முழுவதையுமே படைப்பாக்கி, பார்வையாளரை அதற்குள் நடக்கவிடுவது தாபனக்கலை எனப்படும். ஆகா செய்தது ஒரு கனசதுரப் பெட்டி. பக்கம் ஆறரை அடி, மரப்பலகை, அல்ஹம்ப்ராவின் கோலங்களைத் தழுவி லேசர்க் கதிரால் வெட்டிய துளைகள், நடுவில் ஒரே ஒரு மின்குமிழ். வெற்றறையொன்றில் அதைத் தொங்கவிட்டு விளக்கை ஏற்றியதும் நான்கு சுவர்களிலும் தரையிலும் கூரையிலும் கோலம் பரவி, வெறும் அறை செதுக்கிய மண்டபமாக மாறிவிடுகிறது. மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 2014இல் நடந்த ஆர்ட்பிரைஸ் போட்டியில் இது பொதுமக்கள் வாக்கில் முதற்பரிசையும், நடுவர் குழுவின் முதற்பரிசில் ஒரு பங்கையும் பெற்றது. லாகூரில் வளர்ந்த காலத்தில் பள்ளிவாசலின் உள்ளரங்கு பெண்களுக்கு எட்டாததாக இருந்ததையும், பின்னர் அல்ஹம்ப்ராவில் அத்தகைய அரங்குக்குள் எவரும் நுழையக்கூடியதாக இருந்ததையும் இப்படைப்பின் தூண்டுதலாக அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

இந்த மயக்கத்தின் பொறிமுறை எளிமையானது, ஆயினும் பார்ப்பவர் பெரும்பாலும் ஊகிக்கும் விதமாக அது இயங்குவதில்லை. நிழல் சுவரில் விழும்போது கோணிப்போகும் என்றே எவரும் நினைப்பர். பெட்டியின் முகமும் எதிரேயுள்ள சுவரும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்வரை கோணல் சிறிதும் இராது. ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி, இணையான தளமொன்றின் மேல் உருவத்தை வெறுமனே பெருப்பித்துத் தரும், கோணங்களை மாற்றாது. பெட்டியின் நடுவிலிருந்து அதன் முகம் வரையுள்ள தூரம் மூன்றேகால் அடி. சுவர் 16 அடி தூரத்தில் இருந்தால் கோலம் ஏறத்தாழ ஐந்து மடங்காகும். ஒரு கைவிரல் நுழையும் துளை சுவரில் உள்ளங்கை அகல ஒளிப்பொட்டாகிறது. மின்குமிழ் உண்மையில் புள்ளியன்று, சிறிதேனும் அகலமுடையது. அதனால் ஒவ்வொரு விளிம்பிலும் முழு ஒளிக்கும் முழு நிழலுக்கும் இடையே அரைநிழல் என்னும் மங்கிய ஓரம் தோன்றுகிறது. ஒளிரும் பகுதி ஒரு சென்ரிமீற்றர் அகலமாயின் அந்த ஓரம் மேற்சொன்ன அளவுகளில் ஏறத்தாழ நான்கு சென்ரிமீற்றராகும். அரைநிழலின் இந்த மென்மையே தட்டையான சுவருக்குச் செதுக்கலின் ஆழத்தைத் தருகிறது, ஏனெனில் உளிபட்ட கல்லிலும் ஒளியிலிருந்து இருளுக்கு மாற்றம் படிப்படியாகவே நிகழ்கிறது.

ஒளியின் அளவைக் கணக்கிட்டால் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. கனசதுர அறையொன்றின் நடுவில் விளக்கு இருக்க, சுவரின் மையத்தில் நேராக விழும் ஒளியை 100 எனக் கொண்டால், இரண்டு சுவர்கள் சந்திக்கும் விளிம்பின் நடுவில் அது 35 ஆகவும், மூன்று தளங்கள் சந்திக்கும் மூலையில் 19 ஆகவும் குறைந்துவிடும். தூரம் கூடுவதும் கதிர்கள் சாய்ந்து விழுவதும் இதற்குக் காரணம். ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் ஒளியைப் பார்வையாளர் கவனிக்காமல், கோலம் எங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதாகவே உணர்கின்றனர். இதற்கான விளக்கமும் மாக்கிடமிருந்தே தொடங்குகிறது. ஒளியின் மெல்ல மெல்ல நிகழும் மாற்றங்களை விழித்திரை அடக்கி, திடீரென மாறும் விளிம்புகளை மிகைப்படுத்தி அனுப்புகிறது என்பதை அவர் 1865இல் பட்டைத் தோற்றங்களைக் கொண்டு காட்டினார். துளையின் விளிம்பு திடீர் மாற்றம், மையத்திலிருந்து மூலைக்குச் செல்லும் மங்கல் மெல்லிய மாற்றம். கண் முன்னதை வைத்துக்கொண்டு பின்னதைத் தள்ளிவிட, ஒளியளவில் சீரற்ற அறை சீரானதாகிவிடுகிறது.

பார்வையாளர் அறைக்குள் நடக்கும்போது அவருடைய நிழல் சுவரில் விழுந்து கோலத்தை மறைக்கிறது, அதே நேரத்தில் கோலம் அவர் உடுப்பின் மேலும் முகத்தின் மேலும் விழுகிறது. சுவரில் பிழையின்றி நின்ற அதே நட்சத்திரம் தோளின் வளைவில் நெளிந்து ஒழுங்கிழக்கிறது. அறைக்குள் சமச்சீரற்ற ஒரே பொருளாக மனித உடல் நிற்கிறது. பெட்டி ஒரே ஒரு பாகை திரும்பினாலும் 16 அடிக்கு அப்பால் கோலம் எட்டு சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். பார்வைப் புலம் முழுவதும் ஒன்றாக நகரும்போது, உலகம் நகர்வதைவிடத் தான் நகர்வதையே மூளை நம்ப விரும்புவதால், அசையாது நிற்பவருக்குத் தரை நழுவுவது போன்ற உணர்வு ஏற்படக்கூடும். பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் புறப்படும்போது நின்ற ரயிலில் இருப்பவர் தாமே நகர்வதாக உணர்வதும் இதே மயக்கமே.

அத்தகைய ஒரு பெட்டி அம்பாறைக் கரையோரத்தில், வீதிக்கு ஒப்பக் கட்டப்பட்ட சதுர மண்டபமொன்றில் தொங்கவிடப்படுவதாகக் கற்பனை செய்தால், முதலில் தோன்றிய சிக்கல் தூய வடிவகணிதமாக மீண்டும் எழுகிறது. பெட்டியைச் சுவர்களுக்கு ஒப்பத் தொங்கவிட்டால் ஒவ்வொரு முகத்தின் கோலமும் தனக்குரிய சுவரைக் கச்சிதமாக நிரப்பும், ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒரு கண்ணாடி அச்சு நிற்கும், பார்ப்பவருக்கு நொடியில் நிறைவு கிட்டும். பெட்டியைக் கிப்லாவுக்கு ஒப்ப 30 பாகை திருப்பினாலோ, பெட்டியின் நிமிர்ந்த விளிம்பின் நிழல் ஒவ்வொரு சுவரையும் நடுவுக்குச் சற்றுத் தள்ளி வெட்டி, ஒரு பக்கம் 37 சதவீதமும் மறுபக்கம் 63 சதவீதமுமாகப் பிரித்துவிடும். முகமும் சுவரும் இப்போது இணையாக இல்லாததால் கோலம் ஒரு முனையில் நெருங்கியும் மறுமுனையில் இழுபட்டும் விழும். ஒரு சுவரிலும் கண்ணாடி அச்சு மிஞ்சாது. உள்ளே வருபவர், பெட்டியை எவரோ கவனமின்றிக் கோணலாகக் கட்டிவிட்டதாகவே முதலில் எண்ணுவார்.

ஆனால் ஒழுங்கு அந்த அறையை விட்டு முற்றாகப் போய்விடவில்லை. நான்கு சுவர்களிலும் வெட்டு ஒரே பக்கத்தில், ஒரே விகிதத்தில் விழுந்திருக்கிறது; அறையை 90 பாகை சுழற்றினால் ஒவ்வொரு சுவரும் அடுத்த சுவரோடு அப்படியே பொருந்தும், ஓலைக் காற்றாடியின் இதழ்கள் ஒரே புறமாகச் சாய்ந்திருந்தும் ஒன்றோடொன்று பொருந்துவதுபோல. தெறிப்பு அழிந்து சுழற்சி எஞ்சியிருக்கிறது. ஆயினும் கண் முன்னதைத் தேடி வருவதால் பின்னதைக் காண நேரமெடுக்கிறது. தரையில் விழும் கோலத்துக்கு மட்டும் சேதமில்லை, ஏனெனில் பெட்டியின் அடிமுகம் எப்படித் திரும்பினாலும் தரைக்கு இணையாகவே இருக்கும். அது பிழையற்ற சதுரக் கோலமாக, சுவர்களோடு 30 பாகை விலகிக் கிடக்கும். அதன் ஒரு பக்கத்தோடு பாதங்களைப் பொருத்தி வரிசையாக நிற்பவர்கள் எவ்விதத் திசைகாட்டியும் இல்லாமலேயே மக்காவை நோக்கி நிற்பார்கள்.